நான் விலகி ஓடிய தண்ணீர்

இதை எழுதத் துணிந்ததற்கு முதலில் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். எனக்கு எழுதிப் பழக்கம் இல்லை. பத்தாம் வகுப்போடு நின்றவன். சபையில் சாட்சி சொல்லும்படி போதகர் என்னை மூன்று முறை கூப்பிட்டார். மூன்று முறையும் எழுந்து நின்றேன். வார்த்தை வரவில்லை, உட்கார்ந்துவிட்டேன். கடைசி முறை எனக்குப் பின்னால் யாரோ சிரித்தார்கள். அவர்கள்மேல் எனக்கு வருத்தம் இல்லை. வீட்டுக்கு வந்ததும் என் மனைவி எஸ்தர்தான் சொன்னாள்.

"வாயில வரலைன்னா எழுதியாச்சும் குடுங்க. செத்துப் பொழைச்சவ நானு. நானே எழுந்து சொல்லிடுவேன். ஆனா ரோட்டுல இன்னா நடந்துச்சின்னு எனக்குத்தான் பாதி தெரியாதே."

அது உண்மை. அந்தப் பாதி எனக்கு மட்டும்தான் தெரியும். அதனால் எழுதுகிறேன். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்களுக்குச் சங்கராபுரத்துக்குப் பக்கத்தில் ஒரு சின்ன ஊர். கள்ளக்குறிச்சியில் ஒரு ஓட்டலில் பரோட்டா போட்டுக்கொண்டிருந்தேன். தெரிந்தவர் ஒருவர் மூலம் தாய்லாந்தில் வேலை கிடைத்தது. அந்த நாட்டின் வடக்கே லம்பாங் என்று ஒரு ஊர். அங்கே ஒரு தமிழ் முதலாளியின் சாப்பாட்டுக் கடையில் நான் மாஸ்டர். அடுத்த வருடமே எஸ்தருக்கும் விசா எடுத்து அழைத்துக்கொண்டேன். அவள் அதே கடையில் காய் நறுக்கினாள், மாவு ஆட்டினாள். எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. எனக்கு அவள், அவளுக்கு நான். அவ்வளவுதான் எங்கள் குடும்பம்.

எனக்கு நாலு பேர் நடுவில் நிற்பதென்றாலே கூச்சம். பாஷை தெரியாத ஊரில் அது இரண்டு மடங்கானது. லீவு நாளில் மற்றவர்கள் கூடிச் சீட்டு ஆடுவார்கள், பாட்டு போடுவார்கள். நான் ஒரு பழைய மோட்டார் சைக்கிள் வாங்கினேன். எஸ்தரைப் பின்னால் உட்கார வைத்துக்கொண்டு கிளம்பிவிடுவேன். வண்டியில் போகும்போது யாரிடமும் பேச வேண்டியதில்லை. ஹெல்மெட்டுக்குள் முகமும் தெரியாது. அப்படியே ஐந்து வருடத்தில் அந்த நாட்டின் வடபகுதியை ஏறக்குறைய முழுவதும் பார்த்துவிட்டோம். கரும்புக் காடு வந்தால் நம் ஊர் மாதிரி இருக்கும். தேக்குக் காடு, மூங்கில் காடு, மலைமேல் நெல் வயல் என்று போய்க்கொண்டே இருப்போம்.

எஸ்தர் பின்னால் உட்கார்ந்து சும்மா வரமாட்டாள். "ஊர்ல சங்கராபுரம் சந்தைக்குக் கூட்டிக்கினு போறதுக்கே மூஞ்சத் தூக்கி வச்சிக்குவாரு. இங்க வந்து சீமையையே சுத்திக் காட்டறாரு. ஆண்டவரே, இந்த மனுசனுக்கு இன்னா ஆச்சி?" என்று என் முதுகில் தட்டுவாள். பாட்டுப் பாடுவாள். அவள் குரல் காதில் இருக்கும் வரை எனக்கு எந்த ஊரும் அந்நிய ஊராக இல்லை.

ஏப்ரல் மாதத்தில் அங்கே சோங்க்ரான் என்று ஒரு திருவிழா. அவர்களுக்கு அதுதான் வருடப் பிறப்பு. மூன்று நாளும் தெருவில் போகிற வருகிற எல்லார்மேலும் தண்ணீர் ஊற்றுவார்கள். வாசலில் டிரம் வைத்திருப்பார்கள். பிக்கப் வண்டியில் டிரம்மை ஏற்றிக்கொண்டு ஊர் ஊராகப் போவார்கள். மோட்டார் சைக்கிள்காரன் கிடைத்தால் விடவே மாட்டார்கள். முதல் வருடம் என்னைச் சிக்னலில் நிறுத்தி ஐஸ் தண்ணீரைச் சட்டைக்குள் ஊற்றினார்கள். சுற்றி நின்ற அத்தனை பேரும் சிரித்தார்கள். எஸ்தரும் சிரித்தாள். எனக்கு அழுகை வந்துவிட்டது. அதன் பிறகு அந்த மூன்று நாளும் நான் வீட்டை விட்டு வெளியே போனதில்லை.

நான் சொல்ல வந்த அந்த வருடம் பெரிய வெள்ளியும் அந்தத் திருவிழாவும் ஒன்றாக வந்தன.

மலைக்கு அந்தப் பக்கம் ஒரு கிராமத்தில் மலைவாழ் மக்களின் சிறிய ஆலயம் இருந்தது. கிறிஸ்துமஸுக்கு அங்கே போயிருந்தோம். பாஷை புரியாவிட்டாலும் அவர்கள் எங்களை அன்பாக நடத்தினார்கள். பெரிய வெள்ளி ஆராதனைக்கும் அங்கேயே போவோம் என்று எஸ்தர் ஆசைப்பட்டாள். பன்னிரண்டு மணிக்கு ஆரம்பித்து மூன்று மணிக்கு முடியும்.

மெயின் ரோட்டில் போனால் இரண்டு மணி நேரம். ஆனால் வழியெல்லாம் ஊர்கள். ஊருக்கு ஊர் தண்ணீர் டிரம். எஸ்தர் வெள்ளைப் புடவை கட்டியிருந்தாள், நான் வெள்ளைச் சட்டை. ஆண்டவர் சிலுவையில் தொங்கிய நாளில் கூத்தடிக்கிற கூட்டத்தின் நடுவே நனைந்துகொண்டு போவதா என்று எனக்குக் கோபம் வந்தது. என் கூச்சத்துக்கு நான் பக்தி என்று பேர் வைத்துக்கொண்டேன். இதை இப்போதுதான் ஒத்துக்கொள்கிறேன்.

போனில் மேப்பைப் பார்த்தேன். மலைக்குள்ளே ஒரு ரோடு போனது. நடுவில் ஊரே இல்லை.

"மலை மேலயே போயிடலாம் எஸ்தரு. குளுகுளுன்னு இருக்கும். வெயிலும் கம்மி."

"உங்களுக்கு எப்பிடித் தெரியும்?"

"கச்சிராயபாளையத்துல கொளுத்தும். கரியாலூர் ஏறுனா சுவெட்டர் கேக்கும். மலைன்னா மலைதான, எங்க இருந்தா இன்னா?"

கள்ளக்குறிச்சிக்காரன் யாராக இருந்தாலும் இதைத்தான் சொல்லியிருப்பான். வெயில் தாங்கவில்லை என்றால் நமக்குக் கல்வராயன் மலைமேல் இருக்கிற கரியாலூர். அதே கணக்கை நான் அங்கேயும் போட்டேன்.

இன்னொன்றும் செய்தேன். பெரிய வெள்ளியன்று மூன்று மணி வரை நாம் பச்சைத் தண்ணீர்கூடக் குடிப்பதில்லை என்பது உங்களுக்குத் தெரியும். என் அப்பா காலத்திலிருந்து எங்கள் வீட்டில் அது கண்டிப்பு. கிளம்பும்போது எஸ்தர் தண்ணீர் பாட்டிலைப் பையில் வைத்தாள். நான் எடுத்து மேசைமேல் வைத்துவிட்டேன்.

"இருக்கட்டுங்க. மூணு மணிக்கு மேல குடிக்கலாம்."

"மூணு மணிக்கு அங்க குடுப்பாங்க. கையில இருந்தா மனசு அதும்மேலயே போவும்."

ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு ஏறி உட்கார்ந்தாள்.

ஒன்பது மணிக்குக் கிளம்பினோம். ஒரு மணி நேரத்தில் மலை ஏறிவிட்டோம். குளிர் இல்லை. ஏற ஏற வெப்பம் கூடியது. அந்த மாதத்தில் அங்கே காட்டுக்குத் தீ வைப்பார்கள் என்பது எனக்குத் தெரியும். மலைக்குள் அது எப்படி இருக்கும் என்று தெரியாது. ரோட்டின் இரண்டு பக்கமும் கருகிய தரை. புகையில் சூரியன் செம்புத் தட்டு மாதிரி நின்றது. தேக்கு மரங்களில் ஒரு இலை இல்லை. அத்தனை மரம் இருந்தும் நிழல் இல்லாத காட்டை அன்றுதான் பார்த்தேன். எதிர்க்காற்று பரோட்டாக் கல்லிலிருந்து அடிக்கிற அனல் மாதிரி முகத்தில் அடித்தது.

தார் ரோடு முடிந்து மண் ரோடு வந்தது. ஒரு பிரிவில் தப்பான பக்கம் திரும்பி, வெகுதூரம் போய், மறுபடி வந்தேன். மணி பன்னிரண்டு தாண்டிவிட்டது. போனில் சிக்னல் இல்லை. எதிரே ஒரு வண்டி வரவில்லை. அப்போதுதான் கவனித்தேன், எஸ்தர் ரொம்ப நேரமாகப் பாடவில்லை.

"எஸ்தரு, இன்னா பேச்சக் காணோம்?"

"தல வலிக்குதுங்க."

கொஞ்ச தூரம் போனதும் என் தோளில் இருந்த அவள் கை நழுவியது. பிறகு அவள் குரல் கேட்டது. குழந்தை பேசுவது மாதிரி இருந்தது.

"கரியாலூர் வந்துட்டமா? பஸ்ஸு நிக்குதா பாருங்க. எங்கம்மா காத்துக்கினு இருக்கும்."

அவள் அம்மா இறந்து பல வருடம் ஆகிறது.

வண்டியை நிறுத்தினேன். இறங்கும்போதே அவள் என்மேல் சாய்ந்துவிட்டாள். ஹெல்மெட்டைக் கழற்றினேன். முகம் சிவந்திருந்தது. உடம்பு அடுப்பு மாதிரி சுட்டது. ஒரு சொட்டு வியர்வை இல்லை. அதுதான் எனக்குப் பயத்தைக் கொடுத்தது. அடுப்படியில் வேலை செய்கிறவனுக்கு அது தெரியும். வியர்க்கிற வரை பயமில்லை.

ரோட்டோரத்தில் மண் வெட்டிய சரிவுக்குக் கீழே ஒரு முழம் நிழல் இருந்தது. அதில் படுக்க வைத்தேன். என் சட்டையைக் கழற்றி விசிறினேன். அனல்தான் வந்தது. பக்கத்தில் ஒரு சின்னப் பாலம். கீழே ஓடை இருக்கும் என்று சறுக்கி இறங்கினேன். கூழாங்கல்லும் சாம்பலும்தான் இருந்தன. கையால் மணலைத் தோண்டினேன். முழங்கை ஆழம் வரை தோண்டினேன். காய்ந்த மணல்.

மேலே வந்து பார்த்தால் அவள் கண் பாதி திறந்திருந்தது. கூப்பிட்டால் பதில் இல்லை. வண்டியில் உட்கார வைக்க முடியாது. விட்டுவிட்டுப் போகவும் முடியாது. வீட்டு மேசைமேல் நான் எடுத்து வைத்த பாட்டில் கண் முன்னால் வந்தது. அதன் நீல மூடிகூடத் தெரிந்தது.

சகோதர சகோதரிகளே, நான் மனதுக்குள் ஜெபிக்கிறவன். வீட்டில்கூட வாய் திறந்து ஜெபித்ததில்லை. அன்று ரோட்டின் நடுவில் முழங்கால் போட்டேன். மண் சுட்டது. இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு கத்தினேன்.

"ஆண்டவரே, தண்ணி வேணாம்னு வச்சிட்டு வந்தது நானு. அவ இல்ல. அவ எடுத்துக்கலாம்னுதான் சொன்னா. ஒரே ஒரு சொம்பு தண்ணி குடு சாமி. அவளுக்கு மட்டும் குடு. எனக்கு வேணாம்."

பெரிய வெள்ளியில் நாம் தியானிக்கிற, ஆண்டவர் சிலுவையில் சொன்ன ஏழு வார்த்தைகளில் ஐந்தாவது வார்த்தை தாகத்தைப் பற்றியது. வருடா வருடம் விசிறிக்குக் கீழே உட்கார்ந்து கேட்டிருக்கிறேன். அதைச் சொன்னவரும் வெயிலில்தான் இருந்தார் என்பது அந்த ரோட்டில்தான் எனக்கு உறைத்தது.

எவ்வளவு நேரம் அப்படி இருந்தேன் என்று தெரியாது. ஒரு பாட்டுச் சத்தம் கேட்டது. காதில் கேட்கிற பிரமை என்று நினைத்தேன். வளைவில் புழுதி எழும்பியது. ஒரு நீல நிற பிக்கப் வண்டி வந்தது. பின்னால் ஏழெட்டுப் பேர், பூப்போட்ட சட்டை, முகமெல்லாம் திருவிழாவுக்குப் பூசிக்கொள்கிற வெள்ளை மாவு. ரோட்டின் நடுவில் ஒருவன் கையைத் தூக்கி முழங்காலில் நிற்பதைப் பார்த்ததும் அவர்கள் ஓ என்று கூவினார்கள். வண்டி நின்றது. நான் வாயைத் திறப்பதற்குள் ஒரு வாளித் தண்ணீர் என் முகத்தில் வந்து விழுந்தது.

ஐஸ் தண்ணீர்.

நான் திருவிழாத் தண்ணீருக்காகக் கையை ஏந்தி நிற்கிறேன் என்று அவர்கள் நினைத்துவிட்டார்கள். அடுத்த வாளியும் விழுந்தது. எனக்கு மூச்சு முட்டியது. எந்தத் தண்ணீருக்குப் பயந்து இந்தக் காட்டுக்குள் ஓடி வந்தேனோ, அந்தத் தண்ணீர் என்னைத் தேடிக்கொண்டு வந்து என் தலையில் விழுந்தது. நான் சரிவின் பக்கம் கையைக் காட்டினேன். அவர்கள் எஸ்தரைப் பார்த்தார்கள். யாரோ பாட்டை நிறுத்தினார்கள்.

முன்சீட்டிலிருந்து வயதான ஒரு பெண் இறங்கினார். நிமிர்ந்த உடம்பு, வெட்டிய முடி. எஸ்தரின் கழுத்தைத் தொட்டுப் பார்த்தார். திரும்பி ஏதோ ஒரு வார்த்தை சொன்னார். அதன் பிறகு நடந்ததெல்லாம் வேகம்தான். டிரம்மை இறக்கினார்கள். தலையில், கழுத்தில், நெஞ்சில் ஊற்றிக்கொண்டே இருந்தார்கள். ஐஸ் கட்டிகளைத் துணியில் சுற்றி இரண்டு அக்குளிலும் வைத்தார் அந்த அம்மா. இரண்டு பேர் ஓலைத் தொப்பியால் விசிறினார்கள். நான் எஸ்தரின் காலைப் பிடித்துக்கொண்டு அழுதுகொண்டிருந்தேன். ஒருவன் என் முதுகைத் தடவிக்கொண்டே நின்றான்.

டிரம் தீர்ந்தது. அந்த அம்மா முன்சீட்டிலிருந்து ஒரு வெள்ளிக் கிண்ணத்தையும் மூடி போட்ட ஒரு பாத்திரத்தையும் எடுத்து வரச் சொன்னார். அதிலிருந்த தண்ணீரில் மல்லிகைப் பூ மிதந்தது. அதையும் கிண்ணம் கிண்ணமாக எஸ்தரின் தலையில் ஊற்றினார். கடைசிக் கிண்ணத்தில் எஸ்தரின் உதடு அசைந்தது.

"இன்னாங்க... மல்லி வாசன வருது."

நான் அவள் முகத்துக்குப் பக்கத்தில் குனிந்தேன். அவள் கண் என்னைத் தேடியது. யாரோ ஒரு தண்ணீர் பாட்டிலை என் கையில் கொடுத்தார்கள். வாயருகே கொண்டு போனேன். அவள் உதட்டை மூடிக்கொண்டாள்.

"மணி மூணாயிடுச்சா?"

இரண்டு மணிகூட ஆகியிருக்காது.

"ஆயிடுச்சி. ஆராதன முடிஞ்சிடுச்சி. குடி."

அவள் குடித்தாள். பெரிய வெள்ளியன்று பொய் சொன்னேன். அதற்காக இதுவரை நான் மன்னிப்புக் கேட்கவில்லை. கேட்கவேண்டும் என்று தோன்றவும் இல்லை.

எங்களையும் மோட்டார் சைக்கிளையும் பிக்கப்பில் ஏற்றிக்கொண்டு மலையை விட்டு இறங்கினார்கள். கீழே ஒவ்வொரு ஊரிலும் ஜனங்கள் வண்டிமேல் தண்ணீர் ஊற்றினார்கள். எஸ்தர் என் மடியில் படுத்திருந்தாள். ஒவ்வொரு முறை தண்ணீர் விழும்போதும் அவள் உடம்பு இன்னும் கொஞ்சம் குளிர்வது என் கைக்குத் தெரிந்தது. நான் கேட்டது ஒரு சொம்பு. ஆண்டவர் ஊர் ஊராக ஆள் நிறுத்தி ஊற்ற வைத்தார்.

ஆஸ்பத்திரியில் டிரிப்ஸ் ஏற்றினார்கள். இங்கிலீஷ் தெரிந்த ஒரு டாக்டர், யார் தண்ணீர் ஊற்றியது என்று கேட்டார். வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்த அந்த அம்மாவைக் காட்டினேன். "அவங்கதான் காப்பாத்தினது, நான் இல்லை" என்கிற அர்த்தத்தில் சொல்லிவிட்டுப் போனார்.

சாயங்காலம் எஸ்தர் எழுந்து உட்கார்ந்த பிறகு நான் வெளியே வந்தேன். அந்த அம்மாவின் மகன் போனில் தன் பாஷையில் பேசினால் அது இங்கிலீஷில் எழுதிக் காட்டியது. அப்படித்தான் தெரிந்துகொண்டேன். மலைக்கு அந்தப் பக்கத்தில் அவருடைய அக்கா இருக்கிறாராம். வருடப் பிறப்பில் மூத்தவர்கள் கையில் வாசனைத் தண்ணீர் ஊற்றி வணங்குவது அவர்கள் வழக்கம். மல்லிகைத் தண்ணீர் அந்த அக்காவுக்காகக் கொண்டு போனது. எப்போதும் மெயின் ரோட்டில்தான் போவார்களாம். அன்று மட்டும் அந்த அம்மா மலை ரோட்டில் போகச் சொல்லியிருக்கிறார். ஏன் என்று கேட்டேன். மகன் சிரித்தான். போனைக் காட்டினான். அம்மாவுக்குக் கூட்டம் என்றால் கூச்சம் என்று அதில் இருந்தது.

நான் அந்த எழுத்தைப் பார்த்துக்கொண்டே நின்றேன். சின்ன வயதிலிருந்து இந்தக் கூச்சத்தை எடுத்துவிடும்படி நான் ஆண்டவரிடம் கேட்காத நாள் இல்லை. அவர் எடுக்கவே இல்லை. இன்னொருவருக்கும் அதையே கொடுத்து, இரண்டு பேரையும் ஒரே ரோட்டுக்குக் கொண்டுவந்து சேர்த்திருக்கிறார்.

ஆஸ்பத்திரி வாசலில் குழாய் இருந்தது. அந்த வெள்ளிக் கிண்ணத்தைக் கேட்டு வாங்கினேன். தண்ணீர் பிடித்து அந்த அம்மாவின் கைகளில் ஊற்றினேன். அத்தனை பேர் பார்த்தார்கள். எனக்குக் கூச்சமாக இல்லை. அவர் ஈரக் கையை என் தலைமேல் வைத்து ஏதோ சொன்னார். அந்நிய வழக்கத்தைச் செய்தாய் என்று யாராவது சொன்னால் சொல்லட்டும். நன்றி சொல்ல அன்று எனக்கு வேறு பாஷை இல்லை.

விசா முடிந்து நாங்கள் ஊருக்கு வந்துவிட்டோம். இப்போது வெயில் காலத்தில் ஞாயிறு ஆராதனை முடிந்ததும் வண்டியில் இரண்டு கேன் தண்ணீரைக் கட்டிக்கொண்டு கிளம்புகிறோம். கச்சிராயபாளையம் தாண்டி, மலை ஏறுகிற இடத்தில் ஒரு புளியமரத்துக்குக் கீழே நிற்போம். கரியாலூருக்கு மோட்டார் சைக்கிளில் போகிறவர்களை நிறுத்தித் தண்ணீர் கொடுப்போம். முதல் நாள் எனக்கு வாயே வரவில்லை, கையை மட்டும் காட்டினேன். ஒரு தம்பி வண்டியை நிறுத்தி, "எவ்ளோண்ணே?" என்றான். சும்மாதான் என்றேன். "இன்னாண்ணே, எலக்சன் எதுனா வருதா?" என்றான். எஸ்தர் சிரித்த சிரிப்பில் சொம்புத் தண்ணீர் பாதி கீழே கொட்டிவிட்டது. இப்போது நானே கூப்பிட்டுக் கொடுக்கிறேன். "மேல குளிரும்னு நம்பிப் போவாதீங்க, குடிச்சிட்டுப் போங்க" என்று சொல்கிற அளவுக்கு வந்துவிட்டேன்.

பெரிய வெள்ளி உபவாசத்தை நாங்கள் விடவில்லை. ஆனால் எஸ்தரின் பையில் பாட்டில் இருக்கும். நான் அதை எடுத்து வைப்பதில்லை. சபையில் வயதானவர்கள், சுகர், பிரஷர் உள்ளவர்கள் தயவுசெய்து தண்ணீர் குடியுங்கள். நம்மை வாட்டி ஆண்டவருக்கு ஆகவேண்டியது ஒன்றும் இல்லை.

உங்களில் யாராவது இன்று நிழலில்லாத ஒரு ரோட்டில் நிற்கலாம். கூச்சப்படாமல் சத்தமாகக் கூப்பிடுங்கள். எந்தப் பக்கத்திலிருந்து உதவி வரவே கூடாது என்று முகத்தைத் திருப்பிக்கொண்டீர்களோ, அந்தப் பக்கத்தையும் ஒருமுறை பாருங்கள். எனக்கு அங்கிருந்துதான் வந்தது.

அந்தப் பெரிய வெள்ளிக்கு மறுநாள் சனிக்கிழமை காலை பத்து மணிக்கு ஆஸ்பத்திரியிலிருந்து எஸ்தரை வீட்டுக்கு அனுப்பினார்கள். பங்க்கில் பெட்ரோல் போட்டுக்கொண்டு மெயின் ரோட்டிலேயே மெதுவாக வந்தோம். நாலு ஊரில் எங்கள்மேல் தண்ணீர் ஊற்றினார்கள். நாலு இடத்திலும் வண்டியை நிறுத்தினேன். வீட்டுக்கு வந்து துணியைப் பிழிந்து காயப்போட்டோம்.